நாலாம் நாள், இரண்டு மணி முதல் நாலு மணி வரை

எனக்குச் சைக்கிளும் பிடிக்காது, கால்வாயும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பைத்தியம் என் மனுசன் தனபாலன். வெரிபீயில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, பழைய கழிவுநீர்க் கால்வாய் ஒன்றின் ஓரமாக மெல்பேண் நகரப் பக்கம் ஒரு சைக்கிள் பாதை போகிறது. நாலு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் ஓடிவிட்டு வந்து, "பிரான்சுக்குப் பயிற்சி" என்பார். பிரான்சில் கால்வாயோரம் இருபக்கமும் மரமாம், மேடே இல்லையாம், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளுக்குப் பக்கத்தில் ரோசாப்பூ வளர்ப்பார்களாம். கழிவுநீர்க் கால்வாயில் பயிற்சி எடுக்கிற மனுசனோடு நான் என்ன கதைக்க?

நான் போனது அண்ணருக்காக.

அண்ணர் இரத்தினசிங்கம் இருபது வருடத்துக்கு முன்பே பாரிசை விட்டு, கால்வாயோரச் சிற்றூர் ஒன்றில் போய்க் குடியேறினவர். படகுக்காரர் சாப்பிட வரும் உணவகத்தில் அவர்தான் சமையல். எனக்கு உடன்பிறப்பு என்று உலகத்தில் மிச்சம் இருப்பது அவர் ஒருவர். என் மகள் வினுஷா பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு அண்ணியோடு விமானம் ஏறி வந்து, தாய்மாமனாகத் தண்ணீர் வார்த்துவிட்டுப் போனவர். வரும் நவம்பரில் அவளுக்குக் கலியாணம். அவர் வந்து நிற்காமல் அந்த மணவறையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் அவர் வருவதாக இல்லை. பிழை என்னுடையது. எங்கள் சனத்தில் கலியாணத்தைப் புருசனும் பெண்சாதியுமாக நேரில் போய், வெற்றிலைத் தட்டு நீட்டிச் சொல்லவேண்டும். தூரதேசம் என்றால் முதலில் போன் எடுத்தாவது சொல்லவேண்டும். நான் நாளைக்கு எடுப்பம், நாளைக்கு எடுப்பம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் வினுஷா பூக்கொட்டுகிற ஒரு கலியாண அழைப்புக் காட்டைப் பாட்டோடு சேர்த்து, அறுபத்துமூன்று பேர் இருக்கிற குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் அண்ணர் அந்தக் குழுவை விட்டு விலகினார்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ காட்" என்றாள் வினுஷா. அவளுக்கு என்ன விளங்கும்?

அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம். நான் போன் எடுத்தால் சிவனேஸ்வரி அண்ணிதான் எடுப்பா. "அவர் குளிக்கிறார்" என்பா. காலையிலும் குளிக்கிறார், மத்தியானமும் குளிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் குளிக்கிறார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, உங்கட மனிசனுக்கு மண்டைக்கனம். நான் சொன்னதெண்டே சொல்லுங்கோ" என்று கத்திப்போட்டுப் போனை வைத்துவிட்டு, குசினியில் நின்று அழுதேன்.

அப்போதுதான் இவர், என் மனுசன், சொன்னார்: "யூன் மாதம் பிரான்சுக்குச் சைக்கிள் பயணம் போட்டுத்தானே கிடக்கு. நீரும் வாரும். அண்ணர் வீடு வழியிலதான். நேரிலயே சொல்லிப்போடுவம்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அந்த நேரம் என் மூளை எங்கே போனது என்று தெரியவில்லை.

பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் வெற்றிலை வாங்கி ஈரத்துணியில் சுற்றினேன். சில்வர் தட்டு, குங்குமம், சந்தனம், அச்சடித்த காட், கலியாணம் சொல்ல உடுக்கவென்று ஒரு பட்டுச்சேலை, எல்லாம் சைக்கிள் பையில் ஏறின. எனக்கு மின்சாரச் சைக்கிள். அது தானாக இழுக்கும். ஆனால் இருக்கை இருக்கை மாதிரி இல்லை. மூன்று நாள் ஓடினோம். கால்வாய் நேராகக் கிடந்தது. தண்ணீர் பச்சை. மாடுகள் வெள்ளை. மதகுகளில் ரோசாவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இவர் ஒவ்வொரு மதகிலும் இறங்கி, படகு உள்ளே வந்து, கதவு சாத்தி, தண்ணீர் நிரம்பி, படகு மேலே எழும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். ஐம்பத்தொன்பது வயதில் அப்படி ஒரு சந்தோசம்! கடைசி நாளில் கால்வாய் ஒரு மலைக்குள் புகுந்து மூன்று கிலோமீற்றர் சுரங்கமாகப் போகுமாம். அந்த இடத்துக்காகத்தான் நாலு வருடப் பயிற்சியும்.

நாலாம் நாள் திங்கட்கிழமை, உணவகம் பூட்டு. இரண்டு மணிக்கு அண்ணர் வீட்டு வாசலில் போய் நின்றோம். வழியில் இறங்கிச் சேலை உடுக்க எனக்குப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. வேர்வை வழிய, தலையில் ஹெல்மெற்றும், பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டையுமாகத் தட்டை நீட்டினேன்.

அண்ணருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. "வா பிள்ளை, வாங்கோ தனபாலன்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். ஆனால் தட்டை வாங்கவில்லை. அவர் கண் இவருடைய சைக்கிளின் கைப்பிடியில் நின்றது. இவர் பயண ஒழுங்கை ஒரு மட்டையில் அச்சடித்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்ரிக் ஒட்டி அங்கே கொழுவி வைத்திருந்தார். அண்ணர் குனிந்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"நாலாம் நாள். ஒன்பது மணி, பாலாடைக்கட்டிச் சந்தை. பன்ரெண்டு மணி, ஏழு மதகு. ரெண்டு மணியில இருந்து நாலு மணி, அண்ணர், கலியாணம் சொல்ல. நாலு மணி, சுரங்கத்துக்கு வெளிக்கிடல்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

"அண்ணை, அது இவர் சும்மா..."

"நான் கோவிக்கேல்லை" என்றார். "ஆனா கலியாணம் சொல்ல வாறவை அதுக்கெண்டு வருவினம், பிள்ளை. சுத்திப்பாக்கப் போற வழியில சொல்லமாட்டினம். இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ. நாலு மணிக்கு வெளிக்கிடவேணுமெல்லோ."

அண்ணி தேநீரும் வடையும் வைத்தா. எல்லாரும் வெயிலைப் பற்றிக் கதைத்தோம். தட்டு யாரும் இருக்காத ஒரு கதிரையில் கிடந்தது. வெற்றிலை ஓரம் கறுத்துச் சுருண்டிருந்தது. சரியாக நாலு மணிக்கு அண்ணர் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஊர் இருபத்திரண்டு கிலோமீற்றர். பாதி வழியில் நான் ஒரு மதகுக்குப் பக்கத்தில் இறங்கி, புல்லில் இருந்து வாய்விட்டு அழுதேன். நாய் கூட்டிப்போன ஒரு பிரெஞ்சுக்காரி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

தங்குமிடத்தில் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: "நான் நாளைக்குத் திரும்பிப் போறன். அவரிட்ட மட்டும் போறன். வேற ஒரு இடத்துக்கும் இல்லை."

"நாளையிண்டைக்குச் சுரங்கம்" என்றார் இவர்.

"நீங்கள் போங்கோ உங்கட சுரங்கத்துக்கு! நான் தனியப் போறன்."

"தனியப் போய்ச் சொல்லுறதும் பிழையெல்லோ?"

அது எனக்கும் தெரியும். அதற்குமேல் இவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலு வருடம் அந்த நாற்றக் கால்வாயில் ஓடின மனுசனிடம் எந்த முகத்தோடு கேட்பது? இவர் பாணைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்.

காலையில் வெளியே வந்தேன். இரண்டு சைக்கிளும் வந்த பக்கம் பார்த்தபடி நின்றன. பைகள் கட்டியாகிவிட்டது. கைப்பிடியில் மட்டையைக் காணவில்லை.

"எங்கப்பா மட்டை?"

"குப்பையில. ஏறும், மழை வரப்போகுது."

மழை வந்தது. எதிர்க்காற்றும் வந்தது. அண்ணருடைய ஊர் மதகுக்குப் பக்கத்தில் இருந்த பொதுக் கழிவறைக்குள், ஒரு காலில் நின்று ஒரு காலைத் தூக்கி, பட்டுச்சேலையை உடுத்தேன். கொய்யக மடிப்பு சரியாக வரவில்லை. வராவிட்டால் போகட்டும். அங்கிருந்து இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போனோம். கறுத்த வெற்றிலையைக் கால்வாயில் போட்டுவிட்டேன். தட்டில் குங்குமமும் சந்தனமும் அச்சடித்த காட்டும் மட்டும்தான்.

மத்தியானச் சமையல் முடிந்து வந்திருந்த அண்ணர் கதவைத் திறந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சேலைக்கரை எல்லாம் சேறு.

"என்ன, ஏதும் விட்டிட்டுப் போட்டியளோ?"

"இல்லை மச்சான், கலியாணம் சொல்ல வந்தனாங்கள்" என்றார் இவர்.

"பிறகு எங்க?"

"ஒரு இடமுமில்லை. இஞ்ச மட்டும்தான். இனித் திரும்பி வீட்டைதான்."

அண்ணர் சைக்கிளை எட்டிப் பார்த்தார். கைப்பிடியில் வெறும் கொழுக்கி.

"அப்ப சுரங்கம்?"

"அது எங்க ஓடப்போகுது, மச்சான்? மலைக்குள்ளதானே கிடக்கு" என்றார் இவர். சொல்லும்போது இவர் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்தேன். அண்ணர் இவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

சாமிப்படத்துக்கு முன்னால் நின்று தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். "அண்ணை, வினுஷாவுக்குக் கலியாணம். நீங்களும் அண்ணியும் வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

வாங்கிக்கொண்டார். சந்தனம் தொட்டு நெற்றியில் வைத்தார். காட்டைப் பிரிக்காமலே படத்தடியில் வைத்தார்.

"பாக்கேல்லையோ?" என்றேன்.

"தெரியும். நவம்பர் பதினைஞ்சு, ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்தம் ஒன்பது பன்ரெண்டில இருந்து பத்து நாப்பத்தொண்டு."

"நீங்கள்தான் குரூப்பை விட்டுப்போட்டியளே!"

குசினிக்குள் இருந்து அண்ணி சிரித்தா. "காட்டைச் சேவ் பண்ணிப்போட்டுத்தான் விட்டவர். நீர் போன் எடுக்கிற நேரமெல்லாம் பக்கத்திலதான் இருப்பார். ஸ்பீக்கரில போடு, தங்கச்சியின்ர குரலைக் கேப்பம் எண்டு எனக்குக் கையால காட்டுவார். நான் என்ன செய்ய? குளிக்கிறார் எண்டு சொன்னனான்."

எனக்கு வந்தது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. இரண்டும்தான். ஆறு கிழமை!

"அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டதோ, அண்ணை?"

"ஓம்" என்றார் அண்ணர், என் ஈரத்தலைக்குத் துவாயை நீட்டிக்கொண்டே. "மண்டைக்கனம் எண்டதும் கேட்டது. அண்டைக்கு நீ போனை வைக்கேக்க வடிவா வைக்கேல்லை, லைன் வெட்டுப்படேல்லை, பிள்ளை. அதுக்குப் பிறகு நீ அழுததும் கேட்டது."