அந்த ரூமுக்கு என்ன பேரு

சத்யப்பிரியா கம்ப்யூட்டர் திரையில் சுவருக்கான கோட்டைப் பிடித்து ஓரடி உள்ளே தள்ளினாள். ஹாலுக்குள் எழுதியிருந்த சதுர அடி ஏறியது. பக்கத்துச் சின்ன அறையில் இறங்கியது.

திருப்பாதிரிப்புலியூரில் பாலகுமார் நடத்தும் கட்டட வரைபட ஆபீசில் அவளுக்கு இது புது வசதி. முன்பெல்லாம் ஒவ்வொரு அறையையும் அளந்து, பெருக்கி, தானே எழுத வேண்டும். சுவர் நகர்ந்தாலும் எழுதியது பழையபடியே கிடக்கும். இப்போது அறையின் எல்லையோடு எழுத்தைக் கட்டிவிட்டால், அளவு தானாக மாறிக்கொள்ளும். பெயரை மட்டும் மனிதர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ‘அறை 6’ என்பதுபோல கம்ப்யூட்டரே ஒன்றை வைத்துவிடும்.

சிதம்பரத்தில் வீடு கட்டப்போகும் தட்சிணாமூர்த்தியின் பிளானில்தான் அந்த அறை 6 இருந்தது. “ஹாலு பத்தலம்மா, அந்தச் சின்ன ரூம கொஞ்சம் கொறச்சிடு” என்று அவர் போன் செய்வார். மறுநாள் அவர் மனைவி லோகநாயகி தணிந்த குரலில் பேசுவார். “அந்த ரூம பழையபடி இழுத்து வுட்டுடறியாம்மா? அவருகிட்ட நான் சொல்லிக்கறேன்.” சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவர் மறுபடி குறைக்கச் சொல்வார்.

சத்யப்பிரியாவுக்கு அந்த அறை மனதை விட்டுப் போகவில்லை. பூஜைக்கு இடம் இருந்தது. மகனுக்கும் மருமகளுக்கும் ரூம் இருந்தது. துணி துவைக்கக்கூட ஓரிடம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சதுரத்துக்குள் ஒரு தையல் மிஷினை, ஒரு பீரோவை, ஒரு கட்டிலை வைத்துப் பார்ப்பாள். எதுவும் பொருந்தவில்லை.

பிளானைக் கட்டட அனுமதிக்கு அனுப்பும் முன் கணவனும் மனைவியும் ஆபீசுக்கு வந்தார்கள்.

“எல்லா ரூமுக்கும் பேரு வேணும் சார். இது ஒண்ணுக்குத்தான் இல்ல” என்றாள்.

“ஸ்டோர்னு போடும்மா. போட்டுட்டு, இந்தச் சொவர இன்னும் ரெண்டடி தள்ளு” என்றார் தட்சிணாமூர்த்தி.

அவள் தள்ளினாள். லோகநாயகி முன்னால் குனிந்து, அளவு சுருங்குவதைப் பார்த்தார். இத்தனை நாள் போனிலேயே பேசிக்கொண்டிருந்தவர், கண்ணெதிரில் அது குறைவதை அன்றுதான் கண்டார்.

“அது என் ரூமு” என்றார்.

தட்சிணாமூர்த்தி சிரித்தார். “நம்ம பெட்ரூம் என்னாச்சி?”

“அது நம்மளுது. இது என்னுது.”

“தனியா ரூம வெச்சிகினு என்னா பண்ணப்போற?”

சத்யப்பிரியாவின் கை மவுசின் மேல் அசையாமல் நின்றது. அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

“தெரியல” என்றார் லோகநாயகி. “கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு கதவ நான் உள்ளேருந்து சாத்திக்கினு உக்காந்ததே இல்ல. உக்காந்து பாத்தாதான தெரியும்?”

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு சத்யப்பிரியாவிடம் கேட்டார்:

“இதுக்கு ஜன்னல் எங்கம்மா?”

ஜன்னல் இல்லை என்பதை அவளும் அப்போதுதான் கவனித்தாள். கிழக்குச் சுவரில் ஒன்று வைத்தாள். சுவரைப் பழைய இடத்துக்கே இழுத்தாள். அனுமதிக்காக ‘படிக்கும் அறை’ என்று பெயர் போட்டார்கள்.

மனையில் சுவர் வரும் இடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று பாலகுமாரோடு அவளும் சிதம்பரம் போனாள். கொத்தனார்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். லோகநாயகி தன் அறையின் கோடுகளுக்கு வெளியே ஒரு சுற்று சுற்றி வந்தார். எங்கே வேண்டுமானாலும் தாண்டியிருக்கலாம். கதவுக்கென்று விட்டிருந்த இடைவெளியைத் தேடிப்பிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கிழக்கே பார்த்து மண்ணில் உட்கார்ந்தார்.

தட்சிணாமூர்த்தி ஏதோ கேட்க வேகமாக வந்தார். கோட்டருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. லோகநாயகி திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, வெயிலில், அவர் நின்றுகொண்டிருந்தார்.