ஐந்தாவது திருகல்

சுல்ஃபியா கட்டில் கம்பியில் கரண்டியால் மூன்று தட்டு தட்டினாள். வார்டில் இருந்த ஆறு பெண்களும் தலையணைக்கடியில் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தார்கள். காலை ஏழு மணித் திருகல். இதற்கு நர்ஸ் வரமாட்டாள், டாக்டர் வரமாட்டார். டோபோல் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அவரவர் எலும்பை அவரவரே நீட்டிக்கொள்ள வேண்டியதுதான். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், வளையத்திலிருந்து எலும்புக்குள் போகும் கம்பிகள், வளையங்களை இணைக்கும் நாலு தண்டுகள், தண்டுக்கு ஒரு நட்டு. நட்டைத் திருகத் திருக, வெட்டிவிட்ட எலும்பின் இரண்டு துண்டும் மெல்ல விலகும். இடையில் புது எலும்பு வளரும். ஒரு நாளைக்கு நாலு திருகல். நாலும் சேர்ந்தால் நட்டு ஒரு முழு வட்டம் வரும், கால் ஒரு மில்லிமீட்டர் நீளும்.

மறந்துபோகாமல் இருக்க நட்டின் தலையில் நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைத்துக்கொள்வது வார்டு வழக்கம். காலையில் மேலே நிற்கும் பொட்டு, நாலாவது திருகலில் மறுபடி மேலே வந்து நிற்க வேண்டும். சுல்ஃபியாவின் பொட்டு கத்திரிப்பூ நிறம். ரிம்மாவுடையது சிவப்பு.

ரிம்மாவும் திருகினாள். திருகிவிட்டு, போர்வைக்குள் இடது கால் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். விரல் வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். முந்தாநாள் நன்றாக அசைந்த விரல். நேற்றுகூடச் சோம்பலாக ஒருமுறை நிமிர்ந்தது. இன்றைக்கு யாருடைய விரலோ போலக் கிடந்தது. கொண்டை ஊசியை எடுத்து விரலிடுக்கில் குத்தினாள். குத்தியது கண்ணுக்குத்தான் தெரிந்தது. 

காரணம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வயதில் எலும்பில் சீழ் வைத்து, அந்த இடது கால் ஏழு சென்டிமீட்டர் குட்டையாக நின்றுவிட்டது. இருபத்தெட்டு வயது வரைக்கும் தடித்த அடி வைத்த பூட்ஸ்தான். சொந்த ஊரான சொலிகாம்ஸ்கில் அவள் வருவது தெருமுனையிலேயே கேட்கும். மகள் லெராவை பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனால், ஜன்னலோரப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். ஆறு வருஷம் வரிசையில் காத்திருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தபோது லெரா கேட்டாள்: "அம்மா, நான் பெரிய ஸ்கூல் போற அன்னைக்கு அந்த பூட்ஸ் போடாம வருவியா?" "வருவேன்டி தங்கம்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு சும்மா இருக்க விடுமா?

நீட்டுவது செப்டம்பர் மூன்றாம் தேதி முடியும் என்றார் டாக்டர். பள்ளி திறப்பது ஒன்றாம் தேதி. நீட்டி முடித்தவர்களை வளையத்தோடு, ஊன்றுகோலோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அகலப் பாவாடை போட்டால் இரும்பு மறைந்துவிடும். நடுவில் நின்றது அந்த இரண்டே நாளும் ஊர் போய்ச் சேரும் நேரமும்தான். அதனால் ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, மதிய ஓய்வு நேரத்தில் எல்லாரும் கண்ணை மூடியதும், ரிம்மா குளியலறைக்குப் போய் ஐந்தாவதாக ஒரு திருகல் போட்டாள். பொட்டு இடம் மாறி நிற்குமே, அதைப் பாலிஷ் நீக்கியால் துடைத்துவிட்டு மறுநாள் காலை உச்சியில் புதிதாக வைத்தாள். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. நேற்றோடு பதினான்கு நாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் அர்க்காதியெவிச் வந்தார். நெட்டை மனிதர், தூங்கி எழுந்த முகம், ஆனால் கண் மட்டும் தூங்காது.

"என்னம்மா பொண்ணுங்களா, பாதமெல்லாம் சலாம் போடட்டும்!"

வரிசையாகப் பாதங்கள் நிமிர்ந்தன. ரிம்மாவின் பாதத்தடியில் ஒரு ரப்பர் அட்டை உண்டு. பாதம் தொங்கிவிடாமல் இருக்க அதை வாரால் மேல் வளையத்தில் கட்டியிருந்தார்கள். போர்வைக்குள் கைவிட்டு அந்த வாரைச் சுண்டி இழுத்தாள். பாதம் விறைப்பாகச் சலாம் போட்டது.

"சபாஷ். நாளைக்கு உனக்கு எக்ஸ்ரே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எக்ஸ்ரே! மூன்றரை மில்லிமீட்டர் கூடுதல் அதில் பளிச்சென்று தெரியும். போன மாதம் ஒருத்தி பூங்காவில் உட்கார்ந்து குடித்தாள் என்று, வளையத்தோடேயே பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். 'ஒழுங்கு மீறல்' என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். அப்படி எழுதினால் அப்புறம் எந்த ஊர் டாக்டர் தொடுவான்? சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.  மதியத்துக்குள் மரமரப்பு விரலிடுக்கிலிருந்து புறங்கால் முழுக்க ஏறிவிட்டது. விரலால் தடவித் தடவி எல்லை பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எல்லை ஒரு விரற்கடை மேலே போனதுபோல இருந்தது.

ஓய்வு நேரம் வந்ததும் ஊன்றுகோலைச் சத்தமில்லாமல் ஊன்றிக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தாள். பதினான்கு திருகலையும் பின்னால் திருகிவிட்டால் யாருக்கும் தெரியாது, விரலும் திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் ஒன்றரை மாதமாக ஒரே பக்கம் திருகிப் பழகிய கை மறுபக்கம் போக மறுத்தது. முதல் நட்டு அசைந்ததும் எலும்புக்குள் எதுவோ முனகியதுபோல ஒரு வலி. வேர்த்துக் கொட்டியது. பயத்தில் பொட்டு எந்தப் பக்கம் போகிறது என்றே புரியவில்லை. முன்னாலா, பின்னாலா? இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறேனா? தன் கால் தன்னை விட்டுப் போகிறதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ரிம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கதவில் ஊன்றுகோல் இடித்தது.

"திறடி."

"குளிக்கிறேன்."

"தண்ணி ஊத்தாமலா? திற, இல்லன்னா ஊரையே கூட்டுவேன்."

சுல்ஃபியாதான். ஊஃபாவில் பஸ் ஓட்டுகிறவள். லாரி மோதி இரண்டு காலும் நொறுங்கியவள். வலது காலை முதலில் சரிசெய்து, இப்போது இடது காலில் வளையம். உள்ளே வந்தவள் ஸ்பேனரையும் பார்த்தாள், ரிம்மாவின் முகத்தையும் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"என்னது எத்தனை நாளா?"

"என்கிட்டயே நடிக்காத. ராத்திரி பத்து மணித் திருகல்ல எல்லார் பொட்டும் மேல நிக்குது, உன்னோடது மட்டும் பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குது. காலைல பாத்தா புதுப் பொட்டு! வார்டே பாலிஷ் நீக்கி நாத்தம். பஸ் மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தே வயித்தைக் கழுவறவடி நான்."

"பதினாலு நாள்" என்றாள் ரிம்மா. அப்புறம் அடக்க முடியவில்லை. "விரல் வரல, சுல்ஃபியா. ஊசி குத்தினாலும் தெரியல. வெளிய சொல்லிடாத. தொரத்திடுவாங்க. பின்னால திருகிட்டா சரியாயிடும்..."

"கையை எடு ஸ்பேனர்லேருந்து."

சுல்ஃபியா தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். ஆகஸ்ட் வெயிலிலும் வலது காலில் கம்பளிக் காலுறை போட்டிருப்பாள். குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்று வார்டில் கேலி. அந்தக் காலுறையை உருவினாள்.

பாதம் துவண்டு கீழே தொங்கியது.

"தூக்கறேன் பாரு" என்றாள். தொடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது. பாதம் தொங்கியபடியே இருந்தது. "போன வருஷம் எனக்கும் மரத்துச்சு. சொன்னா நீட்டறதை நிறுத்திடுவாங்கன்னு பயந்து பன்னெண்டு நாள் வாயைத் தொறக்கல. நீ இழுத்த பாரு வாரு, அதேதான், நானும் இழுத்தேன். டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்ப உனக்குத் தெரியும்."

"பஸ்ஸு?"

"எந்தக் கால்ல பிரேக் மிதிப்பாங்க, சொல்லு."

 இத்தனை நாளும் 'ஊருக்குப் போய் ரூட்டுல ஏறினேன்னா...' என்று சுல்ஃபியா அடித்த ஜம்பமெல்லாம் ரிம்மாவின் காதில் ஒலித்தது.

"ரவுண்ட்ஸ்ல சொல்றேன். காலைல."

"காலைல ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு மணிக்கும் அது செத்துக்கிட்டிருக்கு."

சுல்ஃபியா அங்கியின் பையிலிருந்து கரண்டியை எடுத்து, குளியலறைக் குழாயில் தட்ட ஆரம்பித்தாள். இந்தத் தடவை மூன்று தட்டு அல்ல. நிறுத்தாமல் தட்டினாள். குழாய் கட்டடம் முழுக்க ஓடுகிற குழாய். மூன்று மாடியும் அலறியது. நர்ஸ் ஓடி வந்தாள், பின்னாலேயே பாதித் தேநீர்க் கோப்பையோடு டாக்டர் வந்தார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் சுல்ஃபியாவிடம்.

"எனக்கில்ல டாக்டர். இவ ஒண்ணு சொல்லணுமாம்."

எல்லாரும் ரிம்மாவைப் பார்த்தார்கள்.  அவள் சுல்ஃபியாவின் தொங்கும் பாதத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அஞ்சாவதா ஒண்ணு திருகினேன் டாக்டர். தினமும். விரல் எழும்பல. காலைல வாரைப் பிடிச்சு இழுத்தேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டார். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார்: இங்கே? இங்கே? அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். அங்கேயே, அந்த ஈரத் தரையிலேயே, ஸ்பேனரை வாங்கிப் பின்பக்கம் திருகத் தொடங்கினார். சிவப்புப் பொட்டுகள் இதுவரை போகாத திசையில் போயின.

"திரும்பி வருமா, டாக்டர்?"

"தெரியாது."

"சீட்டுல எழுதுவீங்களா?"

"மொதல்ல விரலு. அப்புறம் காகிதம். இனிமே ஸ்பேனர் என்கிட்ட இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் பெரிய தண்டனை. கரண்டி தட்டும், ஐந்து பேர் திருகுவார்கள், ரிம்மா வெறுங்கையோடு சுவரைப் பார்ப்பாள். ஒவ்வொரு காலையும் சுல்ஃபியா ஒரே கேள்வி கேட்பாள்: "ஆடுச்சா?" "இல்ல." கனவில் பாதம் தனியாகக் கழன்று தெருவில் டக்டக்கென்று நடந்து போனது. எழுந்ததும் முதல் வேலையாகத் தொட்டுப் பார்ப்பாள். கை தொட்டது காலுக்குத் தெரியாது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி மதியம் தாழ்வாரத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. தங்கை வீட்டிலிருந்து லெரா பேசினாள். முதல் மணி அடித்ததாம், பூங்கொத்து கொடுத்தாளாம், தலை ரிப்பன் அவிழ்ந்துவிட்டதாம். குரலில் சந்தோஷம் இல்லை.

"எல்லார் அம்மாவும் வந்தாங்க."

"தெரியும்டி. அம்மா கால் இன்னும் சரியாகல. அந்த பூட்ஸ் இல்லாம வரணும்னுதானே..."



"பூட்ஸ் போட்டுக்கிட்டாவது வந்திருக்கலாம்ல?" என்றாள் லெரா.

ரிம்மா எப்படித் திரும்பி வந்து கட்டிலில் விழுந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். நாலு நாளைத் திருடப் போய்க் காலையே அடகு வைத்தோமே, அதுவும் பிள்ளை கேட்காத ஒன்றுக்காக! உடம்பெல்லாம் குலுங்கியது.

"ஏய்" என்றாள் சுல்ஃபியா பக்கத்துக் கட்டிலிலிருந்து. "ஏய், அழறதை நிறுத்து."

"விடு என்னை."

"நிறுத்துடி! விரல் துடிச்ச மாதிரி இருந்துச்சு. அசையாம இரு. இப்ப தூக்கு. கட்டைவிரலை."

ரிம்மா தூக்கினாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். நகம் ஒரு அரிசியளவு நிமிர்ந்தது. விழுந்தது. இன்னொரு தடவை நிமிர்ந்தது.

"ஆடுச்சு!" என்று சுல்ஃபியா கத்தினாள். "ஆடுச்சுடி, ஆடுச்சு! டாக்டரைக் கூப்பிடுங்க!" கரண்டியால் கட்டிலை அடி அடியென்று அடித்தாள். மற்ற நாலு பேரும் என்ன ஏதென்று தெரியாமலே அவரவர் கட்டிலைத் தட்டினார்கள். ரிம்மா சிரித்தாள், அழுதாள், இன்னும் பயந்தாள். அந்த அரிசியளவு நாளைக்கும் இருக்குமா என்று பயந்தாள்.

டாக்டர் வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பிச் சுல்ஃபியாவைப் பார்த்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்திருந்தாள். வலது காலுறையை முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.