அக்காவின் வெயில் கணக்கு

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எழுத்தாளன் நான், ஆனால் நாளை நடக்கப்போவதைச் சொல்கிறவள் என் அக்கா.

அவளும் மாமாவும் ஒரு பங்குதாரரோடு சேர்ந்து ஐஸ் கம்பெனி நடத்துகிறார்கள். மொட்டைமாடி முழுக்க சோலார் பலகைகள். ஓரத்தில் வெயிலையும்* சூட்டையும் காற்றையும் அளக்கும் அக்காவின் கருவிகள். அந்த அளவுகளை வைத்து, நாளைக்கு எவ்வளவு கரண்ட் வரும் என்று அவள் சொல்வாள். அதை நம்பித்தான் ஆர்டர் எடுப்பார்கள்.

(* இந்தக் கருவிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டது.)

2.

அன்று வானம் ஒரு...

(வேண்டாம். வானத்தில் ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

நேராகவே வருகிறேன். சில வாரங்களாக அக்கா சொன்னதைவிடக் கரண்ட் குறைவாகவே வந்தது. ஐஸ் போதவில்லை; வாடிக்கையாளர்கள் கத்தினார்கள்.

"நாளைக்கும் தப்பாச்சுன்னா அந்த டப்பாவையெல்லாம் கழட்டிடலாம். ஆர்டரை நான் பாத்துக்கறேன்" என்றார் பங்குதாரர்.

"எனக்குக் கணக்கே வராதோடா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

3.

பங்குதாரரை வில்லனாக்கிப் பார்த்தேன். மாடிக்கு ஏறி, கருவியில் கை வைத்து... பாவம், அவருக்கு ஏணியைப் பார்த்தாலே தலைசுற்றும். எழுதியதை அடித்துவிட்டேன்.

4.

வர்ணனை தேடி நானே மாடிக்குப் போனேன். ஒரு பலகையில் சாய்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காவும் மாமாவும் வந்தார்கள்.

"வெள்ளைச் சட்டைடா! எங்க போய்ப் பொரண்ட?" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முதுகைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். வெயில் அளக்கும் கருவியின் கண்ணாடி மட்டும் பளபளவென்று இருந்தது.

"இதை யாருங்க தொடைக்கறது?"

"நான்தான்" என்றார் மாமா பெருமையாக. "தினமும் காலையில. உன்னோட கருவியாச்சே!"

கருவி முழு வெயிலையும் பார்த்திருக்கிறது; பலகைகள் தூசி வழியாகப் பார்த்திருக்கின்றன. அக்காவின் கணக்கில் ஒரு குறையும் இல்லை.

"அப்பாடா" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் மூச்சு வந்தது. கதையின் உச்சக்கட்டம் போயே போச்சு. போகட்டும்.

5.

அன்றே மூவருமாகப் பலகைகளைக் கழுவினோம். மறுநாள் அவள் சொன்ன அளவும் வந்த அளவும் ஒட்டி நின்றன. பங்குதாரர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு எவ்வளவு வரும்மா?" என்றார்.

மாமா மட்டும் முழித்தார். "அப்ப நான் ஆசையா தொடைச்சதுதான் வினையா?"

அக்காவின் பதிலைக் கேலியாக எழுதினேன், கண்ணீரோடு எழுதினேன். இரண்டும் அவள் குரலில் இல்லை. இங்கே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

"...................."

ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.