பின்னால் வந்த வண்டி

வெங்கிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சண்டையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, "இன்னிக்கு ஒருத்தனை நன்னா கேட்டுட்டேனாக்கும்" என்பார். லோகாம்பாள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்பாள். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிற கதைதான். ஆள் மாறும், வண்டி மாறும், சண்டை மாறாது.

பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கம்பெனியில் அவருக்குக் குமாஸ்தா வேலை. செரளாயியில் இருக்கிற வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவார். நடந்தே போய்விடலாம், அவ்வளவு கிட்டம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் அவருக்கு விரோதிகளுக்குப் பஞ்சமில்லை. முதுகுக்குப் பின்னால் வந்து காது கிழிய ஹார்ன் அடிக்கிற கார்க்காரன், பார்க்காமல் கதவைத் திறக்கிற டாக்ஸிக்காரன், ஒடித்துத் திரும்பிவிட்டு அப்புறம் கையைக் காட்டுகிற ஆட்டோக்காரன், குழியில் கிடக்கிற மழைத் தண்ணீரை வேட்டியில் அடித்துவிட்டுப் போகிறவன். அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுத்தான் அவர் வீடு திரும்புவார். அவர் சொல்வது அப்படி.

எந்தச் சண்டையானாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்துதான் நிற்கும். "'ஈ ரோடு தனிக்கு ஸ்த்ரீதனம் கிட்டியதாணோ?'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன்" என்பார். இந்த ரோடு என்ன, உனக்கு மாமனார் வீட்டில் கொடுத்த வரதட்சிணையா என்று அர்த்தம். அதை மலையாளத்தில் கேட்டால்தான் அதற்குரிய வெட்டு இருக்கும் என்பது வெங்கிட்டுவின் கட்சி.

"அப்பறம் அவன் என்ன சொன்னான்?" என்று லோகாம்பாள் கேட்க வேண்டும். அவள் கேட்காவிட்டால் அவருக்குக் காபி இறங்காது.

"என்ன சொல்லுவான்? வாயடைச்சுப் போயிட்டான்."

எவனாவது ஒருநாள் வண்டியை விட்டு இறங்கி வந்து அடித்துவிடப் போகிறான், வாயைக் கொஞ்சம் அடக்குங்கோ என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். பயந்துதான் சொல்வாள். ஆனால் தன் வீட்டுக்காரர் யாருக்கும் பணிந்து போகிறவர் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை அவள் காட்டிக்கொண்டதில்லை.

போன வருஷம் அரண்மனை ரோட்டில் நிறுத்தியிருந்த ஒரு டூரிஸ்ட் காரின் கதவு திறந்து, அதில் மோதி வெங்கிட்டு விழுந்தார். முழங்கையில் கட்டோடு வந்தார். அன்றைக்கும் சண்டையைச் சொன்னார். ஆனால் சொல்லும்போது கை நடுங்கி, டம்ளரில் இருந்த காபி வேட்டியில் சிந்தியது. அந்த நடுக்கத்தைப் பார்த்தபிறகு லோகாம்பாளுக்கு மனசு ஆறவில்லை.

அவர்கள் பெண் ஸுப்ரியா பெங்களூருக்கு மாறிப் போகும்போது விட்டுவிட்டுப் போன சின்னக் கார் ஒன்று வாசலில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. தெருப்பூனைகள் அதன்மேல் படுத்துத் தூங்கும், அதைத் தவிர அதனால் யாருக்கும் உபயோகமில்லை. தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக லோகாம்பாள் சொன்னாள்.

"லைசன்ஸ் கெடைக்கற அன்னிக்கு நீங்க சைக்கிளை விட்டுடணும். நானே கொண்டுபோய் விடறேன்."

வெங்கிட்டு யோசிக்கவே இல்லை. சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தோப்பும்படி ஜங்ஷனில் அவர் கையைப் பிடித்துக்கொள்ளாமல் ரோட்டைத் தாண்டாதவள் காரை எங்கே ஓட்டப் போகிறாள் என்பது அவருடைய தைரியம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்பது செரளாயியில் எல்லாருக்கும் தெரியும். அதனால் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

டிரைவிங் ஸ்கூலில் சந்தீப் என்கிற பையன் சொல்லிக்கொடுத்தான். அவளைச் சேச்சி என்று கூப்பிடுவான். பின்னால் வருவதைக் கண்ணாடியில் பாருங்கள், பாருங்கள் என்று தினமும் தலையில் அடித்துக்கொள்வான். டெஸ்டில் நட்டுவைத்த கம்பிகளுக்கு நடுவே 'எச்' எழுத்து மாதிரி வண்டியை வளைத்துப் பின்னால் எடுக்க வேண்டும். முதல் தடவை ஒரு கம்பியைத் தட்டினாள். அடுத்த தடவை இரண்டைத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் வெங்கிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளுக்கு ஆறுதல் சொன்னார். மறுநாள் காலையில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் மழை விட்ட ஒரு காலையில், வழக்கமாகப் போகிற ரோட்டில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருந்ததால், சந்தீப் அவளைப் பஜார் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னான். அவள் ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு போனாள். முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. மூட்டை அடுக்குகிற கிட்டங்கி ஒன்றிலிருந்து வந்த ஆடு ரோட்டுக்கு நடுவில் நின்றது. சைக்கிள்காரர் மணியை அடித்தார். ஆடு அசையவில்லை. அவர் இரண்டு காலையும் பெடலிலிருந்து தூக்கிக்கொண்டு ஆட்டைச் சுற்றி ஒரு வளைவு வளைத்தார், போகிற போக்கில் அதன் முதுகில் ஒரு தட்டும் தட்டினார். வயசான காலத்தில் இதென்ன விளையாட்டு என்று லோகாம்பாள் நினைத்தாள். அப்போதுதான் ஹாண்டில் பாரில் ஆடுகிற மஞ்சள் பையைப் பார்த்தாள். அன்று காலையில் அவள் மொளகூட்டலும் சாதமும் கட்டிக்கொடுத்த பை.

அவர் சைக்கிளில் போவதை அவள் வாசலில் நின்று, தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்ததோடு சரி. ரோட்டில் அவர் இப்படிப் போவார் என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்ட பையனுடைய முதுகு மாதிரி இருந்தது அது. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நன்னா போறாரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். யார் என்று சந்தீப் கேட்டான், அவள் சொல்லவில்லை.

அதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு வேன் வந்து ஹார்ன் அடித்தது. நாமும் ஹார்ன் அடித்துச் சைக்கிளைத் தாண்டிப் போகலாம் என்றான் சந்தீப். அவள் ஹார்னில் கையே வைக்கவில்லை. வேன்காரன் கையை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஹார்னுக்கும் வெங்கிட்டுவின் தோள் மேலே ஏறிக் காதைத் தொட்டது. தனக்கு நேர் பின்னால் வருகிற காரிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. திரும்பிப் பார்க்காமலே இடது கையைத் தூக்கி, ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று காட்டினார். பிறகு இறங்கினார். சைக்கிளைக் கிட்டங்கிச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், சாப்பாட்டுப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

போங்கள் சேச்சி, வழிதான் விட்டுவிட்டாரே என்றான் சந்தீப். அவள் மெல்லத் தாண்டினாள். ஒரு முழம் தூரத்தில் அவருடைய முகம் பக்கவாட்டில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவளுக்கு அடுத்து வந்த வேன் வேகம் பிடித்ததில் குழித்தண்ணீர் அவர் இடுப்பு வரைக்கும் அடித்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. சந்தீப் சொல்லாமலே அன்றைக்கு லோகாம்பாள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வேட்டி நுனியைப் பிழிந்தபடி, முன்னே போகிற டிரைவிங் ஸ்கூல் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் மறுபடியும் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வெங்கிட்டு வந்தார். வேட்டியில் சேறு காய்ந்திருந்தது.

"இன்னிக்கு ஒருத்தனை நன்னா கேட்டுட்டேனாக்கும். டிரைவிங் ஸ்கூல் வண்டி, லோகா. முறுக்கு மீசை வெச்ச தடியன் ஒருத்தன் ஓட்டறான். கத்துக்கறச்சேயே அவ்வளவு திமிர். வெறுதே ஹார்ன் அடிக்கறான். சைக்கிளை நடு ரோட்டுல குறுக்கே நிறுத்திட்டேன்."

லோகாம்பாள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முறுக்கு மீசை என்றதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் அழுகையாகிவிட்டது. நான்தான் அது, நான் ஹார்ன் அடிக்கவே இல்லை என்று சொல்லத் துடித்தாள். இத்தனை வருஷமும் வாயை அடக்குங்கோ, வாயை அடக்குங்கோ என்று யாருக்கு உபதேசம் செய்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று. அந்த மனுஷருக்கு இருக்கிற வாயெல்லாம் இந்தச் சமையலறைக்குள்தான். பகலெல்லாம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்து, இங்கே ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் மட்டும் அவர் ஜெயிக்கிறார். அதையும் பிடுங்குவதா?

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபியை நீட்டினாள். "அப்பறம் அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுவான்? வாயடைச்சுப் போயிட்டான்."

அடுத்த டெஸ்டில் அவள் ஒரு கம்பியைக்கூடத் தட்டவில்லை. லைசன்ஸ் வந்த அன்று வெங்கிட்டு அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பேஷ் என்றார். அன்று சாயங்காலம் அவர் சண்டை எதுவும் சொல்லவில்லை. சைக்கிளைத் துடைத்தார். இனி ஓடப் போகாத சைக்கிளுக்குக் காற்று அடித்தார். அப்புறம் கொல்லைப்புறம் கொண்டுபோய் நிறுத்தி, காரிலிருந்து எடுத்த உறையை அதற்குப் போட்டு மூடினார். லோகாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் இவர் படுகிற பாட்டைப் பார்த்தபிறகு சைக்கிளை நிறுத்துவதுதான் நியாயம் என்று அவள் புத்தி சொல்லிற்று. ஆட்டைச் சுற்றிக்கொண்டு போன அந்த முதுகு அதற்குச் சம்மதிக்கவில்லை.

காலையில் அவர் மஞ்சள் பையோடு வந்து காரின் பின்கதவைத் திறக்கப் பார்த்தார். முன்னால் உட்கார வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க சைக்கிள்ல போங்கோ" என்றாள் லோகாம்பாள்.

"வாக்குக் குடுத்திருக்கேனே."

"வாங்கிண்டவ நான்தானே, திருப்பித் தந்துட்டேன். சந்தீப் பக்கத்துல இல்லாம நேக்குத் தனியா ஓட்டப் பயமாக்கும். நீங்க முன்னாடி போனா, பார்த்துண்டே பின்னாடி வந்துடுவேன்."

வெங்கிட்டு அவளைப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறம் போனார், உறையை உருவுகிற சத்தம் கேட்டது.

பஜார் ரோட்டில் அவர் முன்னால் போனார், அவள் அவர் வேகத்துக்குப் பின்னால் போனாள். கொஞ்ச தூரத்திலேயே அவளுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹார்ன் சத்தத்தில் கிட்டங்கிப் புறாக்கள் எல்லாம் எழும்பின. அவர் தோள் உயர்ந்தது. வழக்கமாக இறங்குகிற சுவர் வந்ததும் இடது காலைக் கீழே ஊன்றினார். பிறகு, அவள் பார்த்து முதல்தடவையாக, ரோட்டில் திரும்பிப் பார்த்தார். லோகாம்பாள் கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். இறங்க வேண்டாம், போங்கோ, போங்கோ. அவர் காலைத் தூக்கிப் பெடலில் வைப்பதற்குள் அவள் காரின் கூரையில் யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

பின்னால் இருந்த வெள்ளைக் காரை அப்படியே நிறுத்திவிட்டு ஒருவன் இறங்கி வந்திருந்தான். இளவயசுக்காரன். வண்டியா ஓட்டுகிறாய், சைக்கிளுக்குக் காவலா போகிறாய், வீட்டில் வேறு வேலை இல்லையா என்று மலையாளத்தில் கத்தினான். வெளியாரோடு லோகாம்பாள் ஜன்மத்தில் சண்டை போட்டதில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணாடியை இறக்கினாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வார்த்தை.

"ஈ ரோடு தனிக்கு ஸ்த்ரீதனம் கிட்டியதாணோ?"

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கிட்டங்கி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமட்டுக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தர் கையைத் தட்டினார். இளவயசுக்காரன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தன் காருக்குத் திரும்பினான். முன்னால் வெங்கிட்டு ஒரு காலை ஊன்றியபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஏறி மிதித்தார். கம்பெனி வாசல் வரைக்கும் எங்கேயும் இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, நேரே சமையலறைக்குப் போய்ப் பாலைச் சுடவைத்தார். அவர் போட்ட காபியில் சர்க்கரை அதிகம். லோகாம்பாள் குடித்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வார்த்தையை நான் ஒரு நாளும் ஒருத்தன்கிட்டயும் கேட்டதில்லை, லோகா."

"நேக்குத் தெரியும்" என்றாள் அவள்.

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு வெங்கிட்டு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்பறம் அவன் என்ன சொன்னான்?"

லோகாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அவனா? முறுக்கு மீசை வெச்ச தடியன் ஒருத்தன்" என்று ஆரம்பித்தாள்.