பெரியப்பா காத்திருக்கிறார்

பெரியப்பா எந்த வேலையும் செய்யமாட்டார். ஒவ்வொருவரிடமும் போய் "ஆச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்று பதில் வந்தால் அடுத்தவரிடம் போய் "நீ ஆரம்பி" என்பார். இதற்காகத்தான் அவரை உருவாக்கியிருந்தார்கள். அவர் ஒரு கணினி நிரல்.

வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தின் மூன்றாவது மாடி. நீளமான அறை, இரண்டு மேசை, ஓயாமல் கரகரக்கும் ஒரு ஏசி. நான்கு ஊர்களில் கிடக்கும் கணினிகளை ஒரே கணக்குக்கு வேலை வாங்குவதுதான் அந்த அறையின் பிழைப்பு. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் இருப்பதையெல்லாம் இணைத்து, கிரிட் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வேலை வரிசையாக நடக்கும். முதல் ஊரில் அக்கா. மழைமானிகளிலிருந்து அளவுகளைச் சேகரிப்பாள். இரண்டாவது ஊரில் சித்தி. அக்கா கொடுத்ததைப் புடைத்துக் கல் பொறுக்குவாள். ஒரு மழைமானியில் காக்கை உட்கார்ந்து தொள்ளாயிரம் மில்லிமீட்டர் என்று வந்தால் தூக்கி எறிவாள். மூன்றாவது ஊரில் சின்ன மாமா. முந்நூறு கணினிகளை வைத்துக்கொண்டு ஆறு எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவார். முக்கி முனகித்தான் முடிப்பார். கடைசியில் இந்த அறையில் வரைபடம் உருவாகும். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் என்று நிறம் காட்டும். நான்காவது ஊரில் ஒரு பழைய கணினி சும்மா இருந்தது. சித்திக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் வேலையைச் செய்ய வேண்டியது அது. அதற்குப் பெயர் ஒன்றுவிட்ட சித்தி. இதுவரை யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

பெயர் வைத்தது மாப்பிள்ளை. அவரை அலுவலகத்தில் எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். காரணம் அவருடைய மாமனார். அலுவலகத் தொலைபேசியை யார் எடுத்தாலும் "மாப்ள இருக்காரா?" என்பார். காவலாளி முதல் மேலதிகாரி வரை அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மகள் போய் இரண்டு வருஷம் நாலு மாதம் ஆகியும் மாமனார் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையும் திருத்தவில்லை.

அன்றைக்கு மதியம் இரண்டு இருபதுக்கு மாமனார் ஆறாவது தடவையாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, தூக்கவா, வேண்டாமா?"

"இன்னும் வரைபடம் வரலை மாமா."

"காலைல பத்து மணிக்கும் இதையேதான் சொன்னீங்க. அறுபத்திரெண்டு மெத்தை மாப்ள! விடுதிக்காரங்க நாளைக்கு வந்து ஏத்திக்கிட்டுப் போறாங்க. பஞ்சு தண்ணி குடிச்சா என்ன ஆகும் தெரியுமில்ல? ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கனம் கனக்கும்."

மாமனார் மெத்தை தைப்பவர். பட்டறை ஆற்றோரத் தெருவில், அவர் வீட்டின் தரைத்தளத்தில். மலையில் இரண்டு நாளாக மழை. மெத்தைகளை மாடிக்கு ஏற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் போன வருஷம் தொலைக்காட்சியில் வெள்ளம் என்றார்கள் என்று நாற்பது மெத்தையை மாடிக்கு ஏற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்தார், அதுவும் வெறும் பாயில். மெத்தையெல்லாம் மாடியில் இருந்தது. தெருவே சிரித்தது. அன்றைக்குச் சபதம் போட்டார்: இனிமேல் மாப்பிள்ளை வாயால் சொன்னால் மட்டுமே தூக்குவது.

"சுமைக்காரங்க நாலு பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். நாலு மணி வரைக்கும்தான் இருப்பாங்க. அதுக்குள்ள சொல்லிடுங்க. என்னதான் செய்யறாங்க உங்க ஆபீஸ்ல எல்லாரும்?"

"காத்திருக்காங்க மாமா."

"அதுக்குச் சம்பளமா?" தொடர்பு அறுந்தது.

எதிர் மேசைக்காரி திரும்பினாள். வரைபடம் வரையும் நிரல் அவள் பொறுப்பு என்பதால் அவளுக்கு மேப்பு என்று பெயர்.

"மாப்ள சார், சின்ன மாமா இன்னைக்கு ரொம்பத்தான் இழுக்கிறாரே."

"அவர் எப்பவும் அப்படித்தானே."

"இல்ல சார். முந்நூறு கணினியும் ஓடலை. சும்மா நிக்குது."

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டார். பெரியப்பாவின் திரை பச்சையாகத்தான் இருந்தது. பச்சை என்றால் எல்லாம் நலம். அதனால்தான் காலையிலிருந்து யாரும் பார்க்கவில்லை. பச்சைக்கு நடுவில் ஒரே ஒரு வரி: காத்திருக்கிறேன்.

பதிவேட்டைத் திறந்து மேலே போனார். நிரல்கள் பேசிக்கொள்வதெல்லாம் அதில் பதியும். பார்க்கிற யாருக்கும் புரிய வேண்டும் என்று மேலதிகாரி சொன்னதால், அவை பேச்சுத் தமிழிலேயே பேசிக்கொண்டன.

காலை 10.02. அக்கா: ஆச்சு.
10.02. பெரியப்பா: சித்தி, நீ ஆரம்பி.
10.10. சித்தி: போயிட்டு வர்றேன்.
10.10. பெரியப்பா: சரி, காத்திருக்கேன்.

அதற்குப் பிறகு நாலு மணி நேரம் இருபது நிமிஷம் ஒன்றுமில்லை.

"சித்தி எங்க சார் போனா?" என்றாள் மேப்பு.

மாப்பிள்ளை இரண்டாவது ஊருக்குப் பேசினார். சித்தியைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தார் போல.

"சித்தியா? பராமரிப்புக்கு நிறுத்தியிருக்கோமே சார். சாயங்காலம் ஆகும். காலையிலேயே சொல்லிட்டுத்தானே போனா?"

"நிறுத்தினா 'போறேன்'னு சொல்லணும்னுதானே எழுதிக் கொடுத்தோம்?"

"அதை மாத்திட்டேன் சார்."

"ஏங்க?"

"பின்ன என்ன சார், போறேன்னா சொல்லுவாங்க? வாயில வர்ற வார்த்தையா அது? ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன்னு சொன்னா நல்லாவா இருக்கு? தினமும் ராத்திரி அந்த வரியைப் பார்த்துட்டுக் கதவைப் பூட்டினா எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் போயிட்டு வர்றேன்னு போட்டேன்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்தார். தப்பு அந்த ஆளுடையது மட்டுமல்ல. தமிழில் வினை கடைசியில்தான் வரும், அதனால் பெரியப்பா கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தால் போதும் என்று வடிவமைத்தது மாப்பிள்ளை. அதற்குக் கைதட்டல்கூட வாங்கியிருந்தார். கடைசிச் சொல் 'போறேன்' என்றால் ஆள் போய்விட்டார், வேலையை மாற்றாளிடம் கொடு. கடைசிச் சொல் 'வர்றேன்' என்றால் ஆள் வந்துகொண்டிருக்கிறார், காத்திரு.

பெரியப்பா சொன்ன பேச்சைக் கேட்பவர். காத்திருந்தார்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு அவருக்கு நீங்க சொல்லவே இல்லையே சார்," என்றாள் மேப்பு, நிரலைப் படித்துக்கொண்டே.

"இல்ல. வர்றேன்னு சொன்னா வருவாங்கன்னு நினைச்சேன்."

"இப்ப ஒரு நேரம் போடுங்க. அதுக்கு மேல ஆனா ஒன்றுவிட்ட சித்தியைக் கூப்பிடட்டும். எவ்வளவு போடலாம்?"

திரையில் அந்த இடம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஓர் எண் வேண்டும். போயிட்டு வர்றேன் என்று சொன்னவருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? அவர் மனைவியும் அதைத்தான் சொன்னாள். ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, இன்னொன்றைத் தேடிக்கொண்டே சொன்னாள். அவரும் பெரியப்பா மாதிரி சரி என்றுதான் சொல்லியிருந்தார். அவள் வரவே இல்லை.

"சார்? மணி ரெண்டே முக்கால்."

"இருபது நிமிஷம்," என்று தட்டினார்.

பெரியப்பா விழித்துக்கொண்டார். நாலு மணி நேரத்தை இருபது நிமிஷத்தோடு ஒப்பிட்டார். உடனே நான்காவது ஊருக்குச் செய்தி அனுப்பினார்.

2.51. பெரியப்பா: ஒன்றுவிட்ட சித்தி, நீ ஆரம்பி.
2.51. ஒன்றுவிட்ட சித்தி: யாரு?

"இதென்ன சார் யாருங்கிறா?"

"அனுமதிச் சான்று காலாவதி ஆயிருக்கும். நம்மளை அடையாளம் தெரியலை."

"வருஷக்கணக்கா பேசாம இருந்துட்டு இப்ப வேலைன்னதும் கூப்பிட்டா, யார்தான் யாருன்னு கேக்கமாட்டாங்க?"

புதுச் சான்று போட்டார்கள். மறுபடியும் யாரு. ஒன்றுவிட்ட சித்தியின் கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்னால் இருந்ததால் புதுச் சான்று இன்னும் பிறக்கவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். மூன்றாவது தடவை, "ஓ, நீங்களா?" என்று பதில் வந்தது. இந்த வரியை எழுதிவைத்த மகராசன் யாரென்று யாருக்கும் நினைவில்லை. பதினொரு நிமிஷத்தில் கல் பொறுக்கி முடித்தாள். இரண்டு காக்கைகளைக்கூடப் பிடித்திருந்தாள். சின்ன மாமா முக்கினார், முனகினார். மூன்று நாற்பதுக்கு வரைபடம் வந்தது.

எச்சரிக்கை தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்தது. ஆற்றோரத் தெரு நீலமாக இருந்தது: மாலை ஆறரை மணி, முழங்கால் அளவு.

மாப்பிள்ளை தொலைபேசியை எடுத்தார்.

"மாமா, தூக்குங்க."

"உங்க வாயால சொல்றீங்களா?"

"என் வாயாலதான் சொல்றேன். தூக்குங்க."

"அப்ப சரி. ஆளுங்க வரட்டும்."

"எங்க போனாங்க?"

"டீ குடிக்க. போயிட்டு வர்றோம்னு சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"ரெண்டரை இருக்கும்."

"இருபது நிமிஷம் எப்பவோ தாண்டிடுச்சு மாமா. இனி காத்திருக்கக் கூடாது. வேற ஆளைப் பார்க்கணும்."

"வேற ஆளுக்கு எங்க போறது? தெருவே சாமானைத் தூக்கிட்டு அலையுது."

மாப்பிள்ளை அறையைச் சுற்றிப் பார்த்தார். சும்மா இருந்த பழைய ஆள் ஒருவர்தான் தென்பட்டார்.

"நான் வர்றேன்," என்று எழுந்தார்.

மேப்பு கடிகாரத்தைப் பார்த்தாள். "இருபது நிமிஷம்தான் சார். அதுக்கு மேல நான் ஒன்றுவிட்ட மாப்பிள்ளையைத் தேட ஆரம்பிச்சிடுவேன்."

பதினெட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

படிக்கட்டு ஒடுக்கம். நடுவில் ஒரு திருப்பம். மாப்பிள்ளை மேலே நின்று இழுத்தார், மாமனார் கீழே நின்று தள்ளினார். நடுவில் மெத்தை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒவ்வொரு மெத்தைக்கும் மாமனார் கீழேயிருந்து கேட்டார்: "ஆச்சா?"

"ஆச்சு மாமா!"

அடுத்தது வரும். இந்த ஏற்பாடு பதினெட்டு மெத்தை வரை தாங்கியது. பத்தொன்பதாவது திருப்பத்தில் மடங்கி மாட்டியது.

"ஆச்சா?"

"ஆச்சு... இல்ல, இல்ல, ஆகலை மாமா!"

பெரியப்பா கடைசிச் சொல்லை மட்டும் கேட்பவர். மாமனார் முதல் சொல்லை மட்டும் கேட்பவர். ஆச்சு என்று காதில் விழுந்ததும் இருபதாவதை முழு பலத்தோடு தள்ளினார். மாப்பிள்ளை சுவருக்கும் இரண்டு மெத்தைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டார். ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது.

"மாப்ள? மாப்ள! எங்க இருக்கீங்க?"

"உள்ள," என்று மெத்தைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா தைச்சிருக்கீங்க மாமா."

மாமனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. மாப்பிள்ளைக்கும் உள்ளே ஏதோ குலுங்கியது. மெத்தையா, தானா என்று தெரியவில்லை.

முப்பத்தெட்டாவது மெத்தையில் வாசலில் சத்தம். சுமைக்காரர்கள் நாலு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், வேர்வையில் நனைந்து.

"டீக்கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் தூக்கச் சொன்னார். அப்புறம் பக்கத்துக் கடை பீரோ. அப்படியே தெருக்கோடி வரைக்கும் போயிட்டோம்ணே. அதான் வர்றோம்னு சொன்னோமே, வந்துட்டோம்ல?"

நாலு பேச்சு பேசுவார் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்தார். மாமனார் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க," என்று மட்டும் சொன்னார். மிச்சம் இருபத்துநாலும் முக்கால் மணி நேரத்தில் மேலே போய்விட்டன.

ஆறு இருபதுக்குத் தண்ணீர் வந்தது. மாடி அறையில் கூரையைத் தொட அடுக்கிய மெத்தைகளின் மேல் மாமனாரும் மாப்பிள்ளையும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நிமிர இடமில்லை. மாமனார் ஒரு தடவை இறங்கிப்போய்ப் பட்டறைக்குள் நின்று அளந்துவிட்டு வந்தார்.

"முழங்கால்னு சொன்னீங்க. நாலு விரல் குறையுது."

"யார் முழங்கால்னு வரைபடத்துல போடலை மாமா."

"அதானே பார்த்தேன்," என்று மாமனார் தன் மெத்தையைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்ல. காத்திருக்கிறதுக்குச் சம்பளம் வாங்கலாம்."

தொலைபேசி அடித்தது. மேப்பு.

"மாப்ள சார், சித்தி திரும்பி வந்துட்டா. வந்துட்டேன்னு செய்தி போட்டிருக்கா. பெரியப்பா பதிலே சொல்லாம நிக்கிறார்."

"ஏன்?"

"போனவங்க வந்தா என்ன சொல்றதுன்னு யாரும் எழுதவே இல்லையே சார். வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு. உனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடவா?"

கீழே பட்டறையில் தண்ணீர் எதையோ மெல்ல முட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கன்னு போடுங்க," என்றார் மாப்பிள்ளை.

"வாங்க. சரி. அப்புறம்?"

"அவ்வளவுதான். வாங்க."