ஒரு சொட்டு பட்டாலும் வண்டி போச்சு

முப்பத்தோரு வருஷம் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லியே ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வாய் எப்படிச் சும்மா இருக்கும்? அதனால்தான் தெருவே அவரை மைக் என்று கூப்பிட்டது. அவரும் அதைப் பட்டம் வாங்கிய மாதிரி பெருமையாக வைத்துக்கொண்டார். இனி அறிவிக்க ஒன்றுமில்லை, அப்பாடா என்று பெருமூச்சு விட்டவள் அவர் மனைவி. அந்த நிம்மதி சரியாகப் பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் அவர் ஒரு பழைய ராணுவ ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அன்றிலிருந்து பல் தேய்க்கும்போது கியர், சாப்பிடும்போது ஸ்பிரிங், படுக்கும்போது கார்புரேட்டர். அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அரை மணி நேரம் அமைதிதான் கேட்பாள். கொடுத்தாரா? எங்கே கொடுத்தார்!

அந்த ஜீப்புக்குக் கான்வாஸ் கூரை உண்டு, கதவே கிடையாது. பட்டாளத்துக்காரன் குதித்து இறங்குவான், அவனுக்குக் கதவு எதற்கு? ஆனால் மைக் அதில் மனைவியை உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குப் போனார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கதவில்லாத பக்கம் வழியே வந்த சாரல் மொத்தமும் அந்த அம்மாள் மேல். தொப்பலாக நனைந்து வீடு திரும்பியவள், தலையைத் துவட்டிக்கொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்க கண்காட்சிக்கு நானும் வரேன். இறங்குறதுக்குள்ள என் மேல ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் திங்கக்கிழமை வண்டியை வித்துடணும். ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டுதான்!"

"மழைக்காலத்துலயா?" என்றார் மைக், பாவம்.

"ஆமா, மழைக்காலத்துலதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த ஜீப் போய்விட்டால் மைக் யாரிடம் எதைப் பற்றிப் பேசுவார்? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மச்சானிடம் ஓடினார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். காருக்கு சீட் கவர் தைப்பவர். எந்நேரமும் வாயில் நாலைந்து குண்டூசி இருக்கும், அதனால் பேச்சு குறைவு. மைக் ஒரு மணி நேரம் பேசியதற்கு அவர் சொன்ன பதில், "ம்."

ஆனால் வேலை என்று வந்தால் மனுஷன் புலி. இரும்புக் கம்பியைக் கதவு அளவுக்கு வளைத்தார். கீழே இரண்டு முளை வைத்து, ஜீப்பின் பக்கவாட்டில் இருந்த பழைய துளைகளில் கச்சிதமாக உட்காரவைத்தார். கம்பி மேல் பச்சை கான்வாஸ். ஜன்னலுக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் வினைல் ஷீட். அதை முதலில் வெயிலில் காயப்போட்டார், விறைப்பாக இருக்கும்போது தைத்தால் பிறகு சுருக்கம் விழுமாம். தையலை நெருக்கிப் போடவில்லை, நெருக்கினால் ஓட்டை வழியே கிழிந்துவிடுமாம். ஒவ்வொரு ஊசித் துளையிலும் மெழுகைத் தேய்த்தார். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை, பக்கத்தில் நின்ற மைக்தான் தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சோதனை. மச்சான் உள்ளே ஏறிக் கதவோரத்துப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டார். மைக் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக் கால் மணி நேரம் பீய்ச்சினார். மச்சான் இறங்கியபோது சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. குண்டூசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு அபூர்வமாக வாயைத் திறந்தார். "காத்துகூட கேட்டுட்டுத்தான் உள்ள வரணும் மாப்பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மைக்குக்குக் கொண்டாட்டம். மனைவி முன்னால், மச்சான் ஊசி நூலோடு பின்னால். பொத்தான்களைப் போட்டதும் மைக் தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

அப்புறம் நிறுத்தினாரா? இந்தக் கான்வாஸ் எத்தனை நூல் கனம், அந்த முளை எத்தனை அங்குலம், இந்தப் பொத்தான் பட்டாளத்தில் எங்கெங்கே இருக்கும்! மூன்று கிலோமீட்டர். வெளியே அடைமழை, உள்ளே வார்த்தை மழை. மனைவி கையைத் தடவிப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது. ஆனால் ஜன்னலில் இருந்த மரம், கடை, தெருவிளக்கு எல்லாம் மெல்ல மெல்ல வெள்ளையாகிக்கொண்டே வந்தன.

"இது என்னங்க, புகை மாதிரி?"

மைக் துணியால் முன் கண்ணாடியைத் துடைத்தபடியே மூடுபனி பற்றிப் பேச ஆரம்பித்தார். பின்னாலிருந்து மச்சான் அவர் தோளைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

"மாப்பிள்ளை, மேல பாருங்க."

மனைவியின் தலைக்கு நேர் மேலே, கூரைக் கம்பியில், முத்து மாதிரி ஒரு சொட்டு தொங்கியது.

"ஒழுகுதா?" மைக் அலறினார். சொட்டு இன்னும் கொஞ்சம் பெருத்தது.

"ஒழுகலை. எல்லாம் உங்க மூச்சு. காத்து வெளிய போக வழியில்ல, நீங்க பேசப் பேச மேல போய் தண்ணியா நிக்குது. நேத்து உள்ள உக்காந்தது நான். நான் எங்க பேசினேன்?"

ஜன்னலைத் திறந்தால் மழை உள்ளே வரும். துடைக்கப் போனால் கை பட்டே உதிர்ந்துவிடும். பேசினால் சொட்டு விழும். மனைவி அண்ணாந்து பார்த்தாள். இருபது வருஷப் பழக்கம், தானாகவே வந்துவிட்டது.

"மூச்சை இழுங்க. பிடிங்க. பேசாதீங்க, அசையாதீங்க!"

மைக் வாயை மூடினார்.

மீதி ஒன்பது கிலோமீட்டர் அவர் பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ! பழைய ராணுவ லாரி ஒன்று பக்கத்திலேயே போனது, அதன் அச்சைப் பற்றி மட்டும் அவரால் அரை மணி நேரம் பேச முடியும். பல்லைக் கடித்துக்கொண்டார். காது சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. கான்வாஸ் மேல் மழை தடதடவென்று விழும் சத்தம் மட்டும்தான். மனைவி இருக்கையில் சாய்ந்து, கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைதான வாசலில் காவலாளி குடையோடு வந்து வினைலுக்கு அருகில் குனிந்தார். "அருமையான வண்டி சார்! எந்த வருஷத்து மாடல்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் வண்டியே வாங்கினார்! வாய் பாதி திறந்துவிட்டது. சொட்டு ஆடியது. மைக் ஸ்டீயரிங்கை விட்டு, விரல்களை எண்ணி எண்ணிக் காட்டினார். ஒன்று. ஒன்பது. ஆறு. இரண்டு.

"தொண்டை கட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டுவிட்டுக் காவலாளி வழிவிட்டார்.

மழை விட்டிருந்தது. மனைவி பொத்தான்களைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கினாள். அவள் கால் தரையில் பட்டதும், காலி இருக்கையில் சொத்தென்று விழுந்தது அந்தச் சொட்டு. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"வண்டி?" என்றார் மைக், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இருக்கட்டும்," என்றாள் அவள். "கதவை மட்டும் கழட்டவே கூடாது. தினமும் நான் வேலைவிட்டு வந்ததும் அரை மணி நேரம் ஒரு ரவுண்டு போகலாம்."

மைக்குக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப்பின் அருமை கடைசியில் இவளுக்கும் புரிந்துவிட்டதே! "உனக்கே பிடிச்சிருச்சா? அப்போ கேளு, இந்தக் கதவோட கம்பி இருக்கே, அதுல..."

"இருங்க, இருங்க," என்று அவள் கதவைத் திறந்து பிடித்தாள். "எதுவா இருந்தாலும் உள்ள ஏறி உக்காந்து சொல்லுங்க."

மச்சான் வாயிலிருந்த குண்டூசிகள் அத்தனையும் சேற்றில் விழுந்தன.