குள்ளச்சி குடித்த கூடைத் தண்ணீர்

மீஞ்சூர்ப் பக்கம் பாசஞ்சர் வண்டி இழுத்த அந்த எஞ்சினுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் ஏதோ எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஏரிக்கரைத் தோணிரேவு மீன்காரிகள் வைத்த பெயர் குள்ளச்சி. கரியையும் தண்ணீரையும் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு, திரும்பி நிற்காமலே முன்னாலும் பின்னாலும் ஓடுகிற குட்டை எஞ்சின். கப்பலேறி வந்த புதிதில் இவளும் கூடப்பிறந்தவர்களும் ஆவடிப் பக்கம் ஓடினார்களாம். அங்கே வேறு எஞ்சின்கள் வந்ததும் எல்லோரையும் வடக்கே தள்ளிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகப் பழைய இரும்புக்குப் போக, மிச்சம் இவள் ஒருத்திதான்.

மீன்காரி குப்பம்மாவுக்கு இவள்மேல் உயிர். சும்மா இல்லை. குள்ளச்சி நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிப்பாள். அதனால்தான் மீஞ்சூரைத் தாண்டி, ஒரு பலகையும் ஒரு வேப்பமரமும் மட்டுமே இருந்த சின்ன நிறுத்தத்திலும் வண்டி நின்றது. பெரிய எஞ்சின் வந்தால் நிற்காது என்று பேச்சு. அப்புறம் கூடையோடு மீஞ்சூருக்கு நடக்க வேண்டியதுதான். போய்ச் சேர்வதற்குள் மீன் கெட்டுவிடும். இவளை வைத்துக்கொள்வதா உடைப்பதா என்று முடிவு செய்ய அன்று ஒரு பெரிய ஆபீசரே வண்டியில் ஏறியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்தா வர வேண்டும் கோடை? பட்டணத்து ஸ்டேஷன் குழாயில் எஞ்சினுக்குப் பிடிக்கத் தண்ணீர் இல்லை. திரும்பும் வழியில், வயல் நடுவே குள்ளச்சி பெருமூச்சு விட்டு நின்றுவிட்டாள். டிரைவர் தேவதாஸ் தலையை நீட்டினார்.

"தண்ணி தீந்துபோச்சு. பாய்லர் வெடிக்கறதுக்குள்ள நெருப்ப எறக்கணும். ஆபீசர் கண்ணெதிர்லயே நின்னுட்டா. அத்தோட இவ கத முடிஞ்சுது."

ஏரியில் தோணி தரை தட்டினால் ஏறியவர் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கூலி கொடுத்தவன், புதுமாப்பிள்ளை என்ற சலுகையெல்லாம் அங்கே செல்லாது. அதனால் மீன்காரிகள் யோசிக்கவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலுமினியக் கூடைகளோடு குதித்தார்கள்.

"அதோ குட்டை கீது! கூடையில மொண்டாங்கடி!" என்று கத்திய குப்பம்மா, முதல் வகுப்புக் கதவையும் தட்டினாள்.

"சாமி, தர தட்டிச்சினா எல்லாரும் எறங்கணும். நீயும் எறங்கு."

ஆபீசர் என்ன நினைத்தாரோ, இறங்கினார். அவர் கையிலும் ஒரு கூடையைத் திணித்தாள். அந்த மனுஷனும் வரிசையில் நின்று வாங்கி வாங்கிக் கொடுத்தார். தொட்டி நிறைந்தது. குள்ளச்சி கூவிக்கொண்டு கிளம்பினாள். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள்.

கொஞ்ச தூரம்தான். புகைபோக்கியிலிருந்து கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. வண்டி முழுக்கக் கவிச்சி. ஜன்னலில் தலை நீட்டிய ஆபீசருக்கு அபிஷேகமே நடந்துவிட்டது.

தட்டுத்தடுமாறி வண்டி வேப்பமர நிறுத்தத்தை அடைந்தது. "கூடையக் கழுவாம ஊத்திட்டீங்களே! உப்பும் மீன் வழுவழுப்பும் பாய்லருக்குள்ள நொர கட்டிக்கிச்சி. அவசரத்துல நானும் பாக்கல" என்றார் தேவதாஸ்.

"பாவி, நானே கெடுத்துட்டனே" என்று குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் ஆபீசர் முகமெல்லாம் கரியோடு வந்து நின்றார்.

"இந்த எஞ்சின் இனி ஓடாது. நாளையிலேருந்து வேற எஞ்சின்."

"அப்போ வண்டி இங்க நிக்காதா, சாமி?"

அவர் தன் கையை முகர்ந்து பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "நிக்கும். எந்த எஞ்சின் வந்தாலும் நிக்கும். நான் சொல்றேன். என்னையே தண்ணி தூக்க வெச்ச ஆளுங்கள விட்டுட்டு எவன் போவான்?"

மீன்காரிகள் குலவை போட்டார்கள். வேண்டியது கிடைத்துவிட்டது. குப்பம்மா மட்டும் கூடையோடு விலகினாள். இன்னும் சூடு ஆறாத எஞ்சினை ஒட்டி நின்ற தேவதாஸிடம் போனாள்.

"நைனா, என்மேல கோவமா?"

தேவதாஸ் எஞ்சினின் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

"கூடைய நீட்டு. இருக்கற வரைக்கும் நல்லா கழுவிக்கோ."

ஆவி பறக்க, நுரையோடு தண்ணீர் விழுந்தது. கூடை எப்போதோ சுத்தமாகிவிட்டது. குப்பம்மா அதை எடுக்கவில்லை. தேவதாஸும் குழாயை மூடவில்லை.